ஏழு வருட வேகன்ஆர்: தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா?

மடிப்பாக்கம்வாசி | நவம்பர் 6, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வண்டி 2018 மாடல் வேகன்ஆர், 998 சிசி. இன்சூரன்ஸ் இந்த மாதம் 18-ஆம் தேதியோடு முடிகிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வாட்ஸப்பில் இரண்டு கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார்.

ஒன்று, தேர்ட் பார்ட்டி மட்டும்: 2,471 ரூபாய். இன்னொன்று பேக்கேஜ்: 5,598 ரூபாய். அதற்குள் ஓ.டி., ஐ.டி.வி., என்.சி.பி., பி.ஏ. என்று வரிசையாக எழுத்துகள். கேட்டால் "சார், பழைய வண்டிக்கு தேர்ட் பார்ட்டியே போதும், பம்பர் டு பம்பர் எல்லாம் புது வண்டிக்குத்தான்" என்கிறார். ஏழு வருடமாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் உட்கார்ந்து படித்ததில்லை.

வண்டி அதிகம் ஓடாது. அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அதற்கு அழைத்துப் போய்வரத்தான் முக்கியமாக வைத்திருக்கிறோம். அப்பாவும் கூட வருவார். மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்றால் எங்களுக்கு அது இரண்டு வார மருந்துக்கு ஆகும். அதனால்தான் கேட்கிறேன்.

நாலாம்கியர் | நவம்பர் 6, இரவு 10:15

யோசிக்கவே வேண்டாம் பாஸ், தேர்ட் பார்ட்டி போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவு கட்டாயம் என்று சொல்வது அதை மட்டும்தான். அது இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அது இருந்துவிட்டால் போலீஸ் கேட்க முடியாது.

1000 சிசி வரைக்கும் அரசு நிர்ணயித்த தொகை 2,094. அதோடு 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 2,471. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதேதான். என்னுடையது 1200 சிசி, எனக்கு 3,416-உம் வரியும். ஐந்து வருடமாக அப்படித்தான் கட்டுகிறேன். சின்னக் கீறல் விழுந்தால் கையிலிருந்து செலவு செய்துகொள்வேன்.

பழைய_சர்வேயர் | நவம்பர் 7, காலை 6:20

தம்பி மடிப்பாக்கம்வாசி, 31 வருடம் மோட்டார் சர்வேயராக, அதாவது இன்சூரன்ஸ் கிளெய்முக்கு வண்டிச் சேதத்தை மதிப்பிடுகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாலாம்கியர் சொன்ன தொகையும் சட்டமும் சரி. ஆனால் உங்கள் வண்டியில் உட்காரப்போவது யார் என்பதைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

பாலிசியின் முதல் பக்கத்தில், மேலே, ஒரு தலைப்பு இருக்கும். "லயபிலிட்டி ஒன்லி" அல்லது "பேக்கேஜ்". முதலாவது வெறும் தேர்ட் பார்ட்டி, இரண்டாவது அதோடு உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓ.டி.யும் சேர்ந்தது. நான் பார்த்த ஆயிரக்கணக்கான வண்டிக்காரர்களில் அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். விபத்து நடந்த பிறகு எல்லாமே அந்த வரியில்தான் போய் நிற்கும்.

தேர்ட் பார்ட்டி என்றால் மூன்றாம் நபர். முதல் ஆள் நீங்கள், இரண்டாவது கம்பெனி, மூன்றாவது உங்கள் வண்டியால் பாதிக்கப்பட்ட வெளியாள். நடந்து போகிறவர், எதிரே வந்த பைக்காரர், நீங்கள் இடித்த கடையின் சொந்தக்காரர். உயிர்ச் சேதம், காயம் என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் கம்பெனி கட்டும், உச்சவரம்பு இல்லை. பொருள் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் வரை. உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய் கிடையாது. வண்டி திருட்டுப் போனாலும், எரிந்தாலும், மரம் விழுந்தாலும் அப்படித்தான்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். தனியார் காரில் உங்களோடு காசு கொடுக்காமல் வருகிற ஆள், அதாவது உங்கள் அம்மா, "லயபிலிட்டி ஒன்லி" பாலிசியில் மூன்றாம் நபர் கணக்கில் வரமாட்டார். பேக்கேஜ் பாலிசியில் வருவார். 2009 நவம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதைச் சுற்றறிக்கையாகவே கம்பெனிகளுக்கு அனுப்பியது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் இரண்டு பாலிசிகளையும் பிரித்துக்காட்டி, பேக்கேஜ் என்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லியிருக்கிறது.

மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் உங்கள் தகரத்துக்கான காப்பு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அம்மா உட்காரும் சீட்டும் அதில்தான் இருக்கிறது.

தாமிரபரணி_தங்கை | நவம்பர் 7, காலை 11:05

பழைய சர்வேயர் ஐயா சொன்னதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் 2019-இல் நண்பருடைய காரில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது விபத்து. அண்ணன் முன் சீட்டில் இருந்தான். வண்டி தானாகவே பாலத்துச் சுவரில் மோதியது, எதிர் வண்டி என்று எதுவும் இல்லை. அண்ணன் போய்விட்டான். அண்ணிக்கு அப்போது 27 வயது, குழந்தைக்கு ஒன்றரை.

தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் "லயபிலிட்டி ஒன்லி". கம்பெனி வக்கீல் பாலிசியின் அந்த முதல் பக்கத்தை மட்டும்தான் காட்டினார். இழப்பீடு உத்தரவானது, ஆனால் கம்பெனியை விடுவித்து, வண்டி உரிமையாளர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. உரிமையாளர் என்றால் அண்ணனின் நண்பனுடைய அப்பா. எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்ட மனுஷன். அவர் விளாத்திகுளம் பக்கம் இருந்த நிலத்தை விற்றுத் தவணை தவணையாகக் கட்டினார். அண்ணியால் அந்தப் பணத்தை மறுக்கவும் முடியவில்லை, மனசார வாங்கவும் முடியவில்லை. இரண்டு குடும்பமும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

அந்த வருடம் அவர்கள் மிச்சம் பிடித்த பணம் நாலாயிரத்துச் சொச்சம் என்று பிறகு தெரிந்தது.

நாலாம்கியர் | நவம்பர் 7, மதியம் 12:30

சகோதரி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. இது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். மடிப்பாக்கம்வாசி, நான் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் என் பாலிசியை எடுத்துப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். "பம்பர் டு பம்பர்" எடுத்தால் பயணிகளுக்கும் சேர்த்துத்தானே? சென்னை உயர் நீதிமன்றமே அதைக் கட்டாயம் ஆக்கியதாக ஞாபகம்.

பழைய_சர்வேயர் | நவம்பர் 7, மதியம் 2:10

தங்கை, உங்கள் பதிவுக்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் வெறும் விளக்கம்தான். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

நாலாம்கியர் சொல்வது ஆகஸ்ட் 2021 உத்தரவு. செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஐந்து வருடம் பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லாருக்கும் காப்பு வேண்டும் என்ற நோக்கத்தில். அடுத்த மாதமே நடைமுறைச் சிக்கல் கருதி அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் கடைத்தெருவில் பம்பர் டு பம்பர் என்று விற்கிற சரக்கு வேறு.

அதற்கு பாலிசியில் இருக்கும் பெயர் "நில் டிப்ரீசியேஷன்", "ஜீரோ டெப்" என்றும் சொல்வார்கள். உதிரிபாகத்துக்குத் தேய்மானம் பிடிக்காமல் கொடுப்பது, அவ்வளவுதான். அது உங்கள் வண்டிச் சேதத்தோடு நின்றுவிடும். மனிதர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என்ஜினுக்குள் தண்ணீர் போனாலும் அது வராது. பெயரைக் கேட்டு முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை எல்லாம் உள்ளே இருக்கிறது என்று நம்பி ஏமாந்தவர்கள் எத்தனை பேரை ஒர்க்ஷாப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, பெரிய கெடுதல் செய்துவிட்டார்கள்.

மழைக்காகம் | நவம்பர் 7, இரவு 8:50

என்ஜின் என்றதும் வருகிறேன். வேளச்சேரி. டிசம்பர் 2023, மிக்ஜாம் புயல். தெருவில் இடுப்பளவு தண்ணீர். வண்டி போர்டிகோவில் நின்றது, சீட் வரைக்கும் மூழ்கியது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைப் போட்டுத் திருகினேன். செல்ஃப் ஒரு தடவை இழுத்தது. உள்ளே "டக்" என்று கனமாக ஒரு சத்தம். அப்புறம் அசையவே இல்லை.

மெக்கானிக் வந்து ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்கப் பார்த்திருக்கிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. என்ஜின் வேலை மட்டும் 1,10,000.

என்னிடம் பேக்கேஜும் இருந்தது, ஜீரோ டெப்பும் இருந்தது. கம்பெனி சீட், கார்ப்பெட், வயரிங் வேலைக்குக் கொடுத்தது. என்ஜினுக்குக் கொடுக்கவில்லை. வெள்ளத்தால் நேராக வந்த சேதம் வேறு, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் தொடர்ந்து வந்த சேதம் வேறு என்றார்கள். அதற்கு "என்ஜின் ப்ரொடெக்ட்" என்று தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் காப்பு, உண்டாம். அது இருந்தாலும் நாமே ஸ்டார்ட் செய்ததாகத் தெரிந்தால் தகராறுதான்.

மடிப்பாக்கம்வாசி அண்ணா, உங்கள் ஏரியாவும் எங்கள் ஏரியா மாதிரித்தான். தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், கம்பெனிக்குப் போன் போட்டு டோ வண்டி கேளுங்கள். ஆட்-ஆன் வெள்ளம் வருவதற்கு முன்னாடி எடுத்திருக்க வேண்டும்.

கொங்குத்தேர் | நவம்பர் 8, காலை 9:15

கோயமுத்தூர்ல இருந்துங்க. எனக்கு ஐ.டி.வி. பத்தித்தான் சந்தேகம். ஒரு கம்பெனி 2,80,000 போடுது, இன்னொண்ணு 2,10,000 போட்டு பிரீமியம் குறைச்சுத் தருது. எனக்கும் 2018 வண்டிதானுங்க. குறைச்சலா இருக்கறதை எடுத்தா என்னங்க தப்பு?

பழைய_சர்வேயர் | நவம்பர் 8, காலை 10:40

ஐ.டி.வி. என்பது வண்டி திருட்டுப் போனாலோ முழுசாக அழிந்தாலோ கம்பெனி தர ஒப்புக்கொண்ட விலை. புது வண்டியின் ஷோரூம் விலையிலிருந்து வயதுக்குத் தகுந்தபடி கழிப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வருடம் வரை 20%, இரண்டிலிருந்து மூன்று வரை 30%, நாலிலிருந்து ஐந்து வரை 50%. ஐந்து வருடம் தாண்டினால் அட்டவணை கிடையாது, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வதுதான். அதனால்தான் உங்களுக்கு இரண்டு எண் வருகிறது.

இதில் ஒரு விஷயம் யாரும் சொல்லமாட்டார்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75% தாண்டினால் அந்த வண்டியை "மொத்த இழப்பு" என்று முடித்துவிடுவார்கள். 2,80,000-க்கு அந்தக் கோடு 2,10,000. 2,10,000-க்கு அது 1,57,500. ஒன்றே முக்கால் லட்சம் செலவாகிற ஒரு விபத்து என்று வையுங்கள். முதல் பாலிசியில் வண்டியை ரிப்பேர் செய்து கொடுப்பார்கள். இரண்டாவதில் 2,10,000-த்துக்குக் கணக்கை முடித்து வண்டியை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் அதே நிலைமையில் ஒரு வண்டி உங்கள் ஊரில் கிடைக்குமா என்று பாருங்கள். அதுதான் சரியான ஐ.டி.வி.யைக் கண்டுபிடிக்கும் வழி. ரொம்ப ஏற்றிப் போடுவதும் வீண்தான், பிரீமியம் ஏறும், சந்தையில் இல்லாத விலை கைக்கு வருவதில் இழுபறி ஆகும்.

இன்னொன்று. கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கி பெயர் அப்படியே இருந்தால் மொத்த இழப்புத் தொகை வங்கியைக் கேட்காமல் உங்கள் கைக்கு வராது. வங்கியில் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 போட்டு ஆர்.டி.ஓ.வில் பெயரை நீக்கிவிடுங்கள்.

மடிப்பாக்கம்வாசி | நவம்பர் 8, இரவு 9:00

தங்கச்சி, உங்கள் பதிவை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "பேக்கேஜே போடு" என்று மட்டும் சொன்னார்கள்.

அதனால் 5,598 கொட்டேஷனை எடுக்கலாம் என்று இருக்கிறேன். பிரிவு இதுதான்: ஓ.டி. பிரீமியம் 4,600, அதில் என்.சி.பி. 50% கழித்து 2,300. தேர்ட் பார்ட்டி 2,094. உரிமையாளர்-ஓட்டுநர் பி.ஏ. 350. மொத்தம் 4,744, அதற்கு ஜி.எஸ்.டி. ஐயா, சரிதானா?

போன ஆகஸ்டில் பல்லாவரம் ரேடியல் ரோட்டில் முன்னால் நின்ற வேனில் இடித்து ஒரு கிளெய்ம் போட்டிருந்தோம். சின்ன கிளெய்ம்தான். பில் 15,500, கம்பெனி 9,500 கொடுத்தது. ஏன் 6,000 பிடித்தார்கள் என்று அன்றைக்கே கேட்டேன், யாரும் சொல்லவில்லை.

பழைய_சர்வேயர் | நவம்பர் 8, இரவு 9:35

தம்பி, பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

ஆகஸ்டில் கிளெய்ம் வாங்கியிருந்தால் உங்கள் என்.சி.பி. சைபர். என்.சி.பி. என்பதே கிளெய்ம் இல்லாத வருடத்துக்கான தள்ளுபடி. முதல் வருடம் 20, பிறகு 25, 35, 45, 50 சதவீதம். ஒரு கிளெய்ம், எவ்வளவு சின்னதானாலும், ஏணியிலிருந்து கீழே இறக்கிவிடும். ஏஜென்ட் வேறு கம்பெனிக்கு மாற்றுவதால் பழைய விவரம் தெரியாது என்று 50% போட்டிருக்கிறார். அல்லது உங்களிடம் கேட்கவே இல்லை. எதுவானாலும், "கிளெய்ம் இல்லை" என்ற உறுதிமொழி உங்கள் பெயரில் போகிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் புதுக் கம்பெனி பழைய கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டாலே தெரிந்துவிடும். அப்புறம் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் வராது. 2,300 ரூபாய்க்காக முழு ஓ.டி. பாலிசியையும் தாரைவார்க்க வேண்டாம். உண்மையான தொகை 4,600 + 2,094 + 350 = 7,044, வரியோடு 8,312.

இப்போது உங்கள் 6,000. பில்லை நீங்கள் போடவில்லை, ஆனால் 998 சிசி, ஏழு வயது வண்டி, முன்பக்க இடி என்றால் கணக்கு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். பம்பர் 4,200. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதி தேய்மானம், ஆக 2,100. ஹெட்லைட் 3,000, அதுவும் பிளாஸ்டிக், 1,500. ஃபெண்டர் தகரம் 2,000, ஐந்து வயதுக்கு மேல் பத்துக்குள் இரும்புக்கு 40% கழிப்பு, 1,200. பெயின்ட் 4,800. அதில் கால் பங்கை மெட்டீரியலாக எடுத்து அதற்குப் பாதி கழிப்பார்கள், 600 போய் 4,200. லேபர் 1,500 முழுசாக. கூட்டினால் 10,500. கட்டாய டிடக்டிபிள் என்று 1500 சிசி வரை 1,000 ரூபாய் ஒவ்வொரு கிளெய்முக்கும் நம் கையிலிருந்து. மிச்சம் 9,500. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது.

அடுத்ததைக் கேளுங்கள். அந்த 9,500-ஐ வாங்கியதால் உங்கள் தள்ளுபடி இந்த வருடம் 50-க்குப் பதில் 0, அடுத்த வருடம் 20, பிறகு 25, 35, 45. ஓ.டி. 4,600-ஆகவே இருக்கும் என்று வைத்தால் ஐந்து வருடத்தில் இழப்பு 5,750, வரியோடு 6,785. உங்களுக்கு நிஜமாகக் கிடைத்தது 2,715 ரூபாய். பில் இன்னும் ஒரு நாலாயிரம் குறைவாக இருந்திருந்தால் கிளெய்மே போட்டிருக்கக் கூடாது. இதை ஒர்க்ஷாப்பில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு கிளெய்ம் போட்டால்தான் வேலை வரும்.

வைகைக்கரை | நவம்பர் 9, காலை 8:20

மதுரையிலிருந்து. ஐயா, என் விஷயம் என்.சி.பி. பற்றியதுதான். போன வருஷம் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினேன். விற்றவர் "50% என்.சி.பி. இருக்கிற வண்டி, அதனால்தான் இந்த விலை" என்றார். பெயர் மாற்றப் போனால் கம்பெனியில் என்.சி.பி. வித்தியாசத்தைக் கட்டச் சொன்னார்கள். சண்டை போட்டேன். பிறகுதான் புரிந்தது, என்.சி.பி. வண்டிக்குச் சொந்தம் இல்லை, ஆளுக்குச் சொந்தம். விற்றவர் அதை எடுத்துக்கொண்டு புது வண்டிக்குப் போய்விட்டார். அது அவர் உரிமை.

வண்டி வாங்கினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெயர் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தேர்ட் பார்ட்டி பகுதி வண்டியோடு வந்துவிடும். ஓ.டி. அப்படி வராது. பழைய ஆள் பெயரிலேயே இருந்தால் நம் வண்டிச் சேதத்துக்குக் கேட்க முடியாது.

மடிப்பாக்கம்வாசி, உங்கள் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

மடிப்பாக்கம்வாசி | நவம்பர் 9, காலை 9:05

அப்பா பெயரில். அவர் வண்டி ஓட்டி மூன்று வருடம் ஆகிறது. லைசென்ஸும் புதுப்பிக்கவில்லை. ஏன், அதில் ஏதாவது இருக்கிறதா?

பழைய_சர்வேயர் | நவம்பர் 9, காலை 9:50

வைகைக்கரை சரியான கேள்வி கேட்டார். இருக்கிறது தம்பி.

அந்த 350 ரூபாய் பி.ஏ. என்பது உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு. பெயரைக் கவனியுங்கள். ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவருக்கு மட்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை, ஆக அவருக்கு வராது. நீங்கள் உரிமையாளர் இல்லை, ஆக உங்களுக்கும் வராது. 350 ரூபாயைக் கட்டிவிட்டு, நமக்குக் காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையோடு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிடக் கனமான ஒன்று. பேக்கேஜில் அம்மா பயணியாக வருவார் என்று சொன்னேன். அப்பா வரமாட்டார். பாலிசி அவர் பெயரில் இருப்பதால் அவர் முதல் ஆள், மூன்றாம் நபர் ஆக முடியாது. உரிமையாளரிடம் வண்டி வாங்கி ஓட்டுகிறவரையும் உரிமையாளர் இடத்தில் வைத்துத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன, ஆகவே நீங்களும் அதே நிலைதான். மூன்று பேர் போகிற வண்டியில் இந்தப் பாலிசி பார்த்துக்கொள்வது ஒருவரைத்தான்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், படிவம் 29, 30. மாற்றினால் அப்பாவின் என்.சி.பி. போகுமே என்று பயப்பட வேண்டாம், இப்போது அது சைபர்தான். மாறிய பிறகு நீங்கள் உரிமையாளர்-ஓட்டுநர், அப்பா பயணி. 15 லட்சக் காப்பை அப்போது சேருங்கள். 2019-லிருந்து அதைத் தனியாகவும் வாங்கலாம், ஏற்கனவே 15 லட்சத்துக்கு வேறு தனிநபர் விபத்து பாலிசி இருந்தால் வண்டியோடு வாங்கவே தேவையில்லை. அதுவரைக்கும் உங்களுக்கும் அப்பாவுக்கும் வண்டியோடு சம்பந்தமில்லாத தனிநபர் விபத்து பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள். பாலிசி தேதி 18 வரைக்கும் காத்திருக்காதீர்கள். முடிந்துபோனால் வண்டியைப் பரிசோதித்துத்தான் திரும்பப் போடுவார்கள்.

தாமிரபரணி_தங்கை | நவம்பர் 9, மதியம் 1:15

ஐயா, கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுங்கள். எங்கள் வழக்கில் பாலிசியிலேயே இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் இருந்தும் கிடைக்காதவர்கள் இருப்பார்களே.

பழைய_சர்வேயர் | நவம்பர் 9, மாலை 5:30

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது கம்பெனி மேல் உள்ள புகாரை விசாரிக்கும் அதிகாரி. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையுள்ள பிரச்சினையை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். சர்வேயர் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நானே எழுதின ரிப்போர்ட்டைக்கூட மக்கள் கேட்டு வாங்கியதில்லை என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. எதைக் கழித்தோம், ஏன் கழித்தோம் என்று அதில்தான் இருக்கும்.

மூன்றாம் நபர் இழப்பீட்டு மனுவுக்கும் இப்போது காலக்கெடு வந்துவிட்டது. ஏப்ரல் 2022-லிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். துக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு ஆறு மாதம் சீக்கிரம் ஓடிவிடும், பக்கத்தில் இருப்பவர்கள் ஞாபகப்படுத்துங்கள்.

நாலாம்கியர் | நவம்பர் 10, காலை 7:45

என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். மேலே "லயபிலிட்டி ஒன்லி". என் பையனைத் தினமும் பள்ளிக்கூடத்தில் இதே வண்டியில்தான் விடுகிறேன். இன்றைக்குக் கம்பெனியில் பேசினேன். தேர்ட் பார்ட்டி ஏற்கனவே இருந்தால் ஓ.டி. மட்டும் தனியாக எடுக்கலாமாம், 2019 செப்டம்பரிலிருந்து அப்படி ஒரு வசதி இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது பயணிக்கான பொறுப்பு, அது தனி ஓ.டி.யில் வருமா என்று கேட்டதற்கு அவர்களால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஜனவரியில் புதுப்பிக்கும்போது முழு பேக்கேஜாகவே மாற்றிவிடுகிறேன். அதுவரை பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான பி.ஏ. சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

பழைய_சர்வேயர் | நவம்பர் 10, காலை 8:30

நல்ல முடிவு. பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னது எதுவும் நிற்காது.

மடிப்பாக்கம்வாசி | நவம்பர் 13, இரவு 8:10

போட்டுவிட்டேன். பேக்கேஜ், ஐ.டி.வி. 2,80,000. என்.சி.பி. சைபர் என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஏஜென்ட் கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு சரி என்றார். உரிமையாளர் பி.ஏ. 350-ஐ எடுத்துவிட்டோம். என்ஜின் ப்ரொடெக்ட் ஐந்து வயதுக்கு மேல் பல இடங்களில் தரவில்லை, ஒரு கம்பெனி 1,050-க்குத் தந்தது. பயணிகளுக்கு ஆளுக்கு 2 லட்சம், ஐந்து சீட்டுக்கு 500. ஆக 4,600 + 1,050 + 2,094 + 500 = 8,244, வரியோடு 9,728. எனக்கும் அப்பாவுக்கும் தனி விபத்து பாலிசி நாளைக்கு. ஆர்.டி.ஓ. வேலைக்குப் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன்.

முதலில் நினைத்ததைவிட ஏழாயிரம் ரூபாய் கூட. எங்கே குறைக்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இதில் குறைக்கப் போவதில்லை.

பழைய_சர்வேயர் | நவம்பர் 13, இரவு 8:55

ஒரே ஒரு வேலை பாக்கி. ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் ஒவ்வொரு எழுத்தாகப் பாலிசியோடு ஒத்துப்பாருங்கள். உங்கள் கண்ணால், இன்றைக்கே.

மடிப்பாக்கம்வாசி | நவம்பர் 13, இரவு 9:20

ஐயா, என்ஜின் நம்பரில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 இருக்கிறது.

பழைய_சர்வேயர் | நவம்பர் 13, இரவு 9:24

ஆர்.சி. நகலை இணைத்து கம்பெனிக்கு இப்போதே மெயில் போடுங்கள். எண்டார்ஸ்மென்ட் என்று ஒரு தாள் தருவார்கள், அதைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

மடிப்பாக்கம்வாசி | நவம்பர் 15, மாலை 6:40

எண்டார்ஸ்மென்ட் வந்துவிட்டது. அச்செடுத்து டேஷ்போர்டில் ஒன்று, வீட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். வெளியே மழை பிடித்திருக்கிறது, வண்டியை அடுத்த தெருவில் மேடான இடத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.